சொத்தில் ஏமாற்றிய அண்ணனை மன்னித்தால் வழக்கையும் கைவிட வேண்டுமா?

சகோதரி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்கும். அம்மா இறந்த பிறகு, பட்டா மாற்றத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அண்ணன் இவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். இவர் படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து ஒரு விடுதலைப் பத்திரத்தில், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், விழுந்திருக்கிறது. பூர்வீக நிலம் முழுவதும் இப்போது அண்ணன் பெயரில். அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறார், ஆலயக் கட்டட நிதிக்குப் பெரிய தொகையும் கொடுத்திருக்கிறார். உறவுக்காரர்கள் இவரிடம், 'ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கே, கேஸ் எல்லாம் போடாதே' என்கிறார்கள். இவர் கேட்பது: 'என் அண்ணன் செய்தது யூதாஸ் செய்ததுதானே? அவரை நான் ஏன் மன்னிக்க வேண்டும்?'

கேள்வி அண்ணனைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். மன்னித்துவிட்டால் நிலமும் போனது, நியாயமும் போனது என்று ஆகிவிடுமோ, மன்னிக்காவிட்டால் நான் கிறிஸ்தவளே இல்லை என்று ஆகிவிடுமோ என்ற இரண்டு பக்க இடி. அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் பல வருடம் ஆயராக இருந்தவன். நடுவில் இறையியல் கல்லூரியில் கிறிஸ்தவ அறநெறி பாடமும் எடுத்தேன். மஞ்சப்பையில் பத்திரங்களைச் சுருட்டிக்கொண்டு குருமனைத் திண்ணையில் வந்து உட்கார்ந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் வக்கீல் இல்லை. அதோடு நான் கேட்டிருப்பது ஒரு தரப்பை மட்டும். 'தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்' என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. அடுத்தவன் வந்து விசாரிக்கும்போதுதான் மீதி தெரியும். ஆகவே உங்கள் அண்ணன் குற்றவாளி என்று இங்கே நான் தீர்ப்பு எழுதப்போவதில்லை. நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் கிறிஸ்தவ போதனை அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

யூதாஸிலிருந்தே தொடங்கலாம், நீங்கள்தான் அவனை இழுத்து வந்தீர்கள். அவன் காட்டிக்கொடுத்தான் என்பதில் நான்கு சுவிசேஷங்களுக்கும் ஒரே பேச்சு. ஏன் என்பதில் அப்படி இல்லை. மத்தேயுவில் அவனே போய், 'நீங்கள் எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்' என்று பேரம் தொடங்குகிறான். மாற்கில் அவன் முதலில் போகிறான், பணம் தருவதாக அவர்கள் பிறகு சொல்கிறார்கள். லூக்காவும் யோவானும் சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்கிறார்கள். அவன் பணப்பையை வைத்திருந்தான், அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான், திருடன் என்று வெளிப்படையாக எழுதுவது யோவான் மட்டும்தான் (12:6). இயேசு ரோமரை எதிர்த்து எழும்பவில்லை என்ற ஏமாற்றத்தில் செய்தான் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேத வசனத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது.

தொகையைப் பாருங்கள். முப்பது வெள்ளிக்காசு. எந்த நாணயம் என்று மத்தேயு சொல்லவில்லை. ஆலயத்தில் புழங்கிய தீரு நகரத்து சேக்கல்தான் என்று பெரும்பாலானவர்கள் கருதுவதை ஏற்றுக்கொண்டால், ஒரு சேக்கலுக்கு நான்கு தினாரி, மொத்தம் 120 தினாரி. ஒரு தினாரி என்பது கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக நான்கு மாதக் கூலி. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின்மேல் ஊற்றிய தைலத்தின் விலையோ 300 தினாரிக்கும் மேல் என்று மாற்கு கணக்குச் சொல்கிறது. அதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று யோவான் சுவிசேஷத்தில் கேட்டவன் யூதாஸ். ஒரு குப்பித் தைலத்தின் பாதி விலைக்கும் குறைவாகத் தன் குருவைக் கொடுத்தவனும் அவன்தான். யாத்திராகமம் 21:32-இல் மாடு முட்டிச் செத்த அடிமைக்கு எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடும் அதே முப்பது வெள்ளிதான். 'இவ்வளவு சின்னத் தொகைக்கா என் அண்ணன் இப்படிச் செய்தார், கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாருமே அந்த வரியைச் சொல்லியிருக்கிறார்கள். பொருளாசைக்குத் தொகை முக்கியமில்லை, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பொருளாசையையும் துரோகத்தையும் தனித்தனிப் பாவங்களாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். பழைய போதகர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் போப்பாக இருந்த மகா கிரகோரி, பொருளாசைக்குப் பிறக்கும் பிள்ளைகள் என்று ஏழு பாவங்களைச் சொல்கிறார். அதில் முதலில் நிற்பது துரோகம். பிறகு மோசடி, பொய், பொய்யாணை, மன அமைதியின்மை, வன்முறை, கடைசியாக இரக்கத்துக்கு எதிராக இறுகிப்போகும் நெஞ்சு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்தப் பட்டியலை எடுத்து விளக்கும்போது துரோகத்துக்கு உதாரணமாக யூதாஸைத்தான் காட்டுகிறார். எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தது, அது நடைமுறையை அப்படியே சொல்வதுதான். நிலத்தின்மேல் ஆசை வந்த நாளிலேயே யாரும் கூடப்பிறந்தவளை ஏமாற்றக் கிளம்புவதில்லை. முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது, அப்புறம் ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு பத்திரம், அதற்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து. கடைசியில் தங்கை அழுதாலும் ஒன்றும் தோன்றாத நிலை.

உங்கள் விஷயத்துக்கு யூதாஸைவிடக் கிட்ட வருவது நாபோத்தின் திராட்சத்தோட்டம் என்பேன். 1 இராஜாக்கள் 21-ஐ இன்னொரு முறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஆகாப் ராஜா அந்தத் தோட்டத்தைப் பறிக்கவில்லை, நல்ல விலைக்குத்தான் கேட்டான், மாற்றாக வேறு தோட்டம் தருகிறேன் என்றான். நாபோத், பிதாக்களின் சுதந்தரத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, கொடுக்கமாட்டேன் என்றான். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டான். அதன்பிறகு அவன் மனைவி யேசபேல் செய்ததைக் கவனியுங்கள். அவள் அடியாள் அனுப்பவில்லை. ராஜாவின் பெயரில் கடிதம் எழுதினாள், ராஜாவின் முத்திரையைப் போட்டாள், ஊரில் உபவாசம் கூறச் சொன்னாள், இரண்டு சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று அவர்கள் சொன்னார்கள். ஊரார் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. முத்திரை உண்டு, சாட்சி உண்டு, மேலே ஒரு பக்தியும் உண்டு. ஆனால் தீர்க்கதரிசி எலியா வந்து ராஜாவைக் கேட்டது, 'நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ' என்றுதான். பத்திரம் சரியாக இருக்கிறதா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

இதையே சட்டமாக எழுதி வைத்தவர் மார்ட்டின் லுத்தர். 1529-இல் வந்த அவருடைய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், பிறனுடைய வீட்டை இச்சிக்கக் கூடாது என்ற கற்பனைக்கு (பத்துக் கட்டளைகளில் ஒன்று) விளக்கம் சொல்லும்போது, அயலானுடைய சுதந்தரத்தையோ வீட்டையோ தந்திரமாகத் தேடுவதும், நியாயம்போலக் காட்டித் தனதாக்கிக்கொள்வதும் கூடாது என்கிறார். லுத்தரன் சபைகளின் எண்ணிக்கையில் அது ஒன்பதாம் கற்பனை, தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பத்தாம் கற்பனைக்குள் வரும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். ஆக, பதிவுசெய்த பத்திரம் கையில் இருக்கிறதே, அப்புறம் என்ன பாவம் என்ற வாதத்துக்கு முந்நூறு வருடமாகத் தமிழிலேயே பதில் இருக்கிறது.

இனி மன்னிப்பு. இங்கேதான் உங்கள் உறவினர்கள் பாதி வசனத்தோடு நின்றுவிட்டார்கள். கிறிஸ்தவ போதனையில் ஏமாற்றப்பட்டவருக்கு ஒரு கடமை, ஏமாற்றியவருக்கு வேறொரு கடமை. மன்னிப்பது உங்களுடையது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது அவருடையது. நீங்கள் மன்னித்ததால் அவர் கடமை தீர்ந்துவிடாது, அவர் கொடுக்காததால் உங்கள் கடமையும் நின்றுவிடாது. இதில் பெரிய கருத்து வேறுபாடு எதுவும் கிடையாது, கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் ஒத்துப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், நம்பி ஒப்படைத்த பொருளிலோ கூட்டு வியாபாரத்திலோ அயலானை ஏமாற்றியவன், எடுத்த முதலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவரும் அதே நாளில் இதையும் கொடுத்தாக வேண்டும். பலியைச் செலுத்திவிட்டு முதலை வைத்துக்கொள்ள வழியில்லை. பிறன் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் செய்வது மனந்திரும்புதல் இல்லை, வெறும் பாவனை என்று பழங்காலப் போதகர் அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் எழுதியதைத்தான் அக்குவினாஸும் பின்பற்றுகிறார்.

லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவர் சகேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் அதோடு நிற்கவில்லை. 'நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்று தனியாகச் சொல்கிறார். தருமம் ஒரு கணக்கு, திருப்பிக் கொடுப்பது இன்னொரு கணக்கு. உரியவர் யாரென்று தெரியாவிட்டால்தான் அந்தப் பணத்தைத் தருமத்துக்குத் திருப்பலாம் என்பது அக்குவினாஸின் முடிவு. உங்கள் வீட்டில் உரியவர் யாரென்று தெரியும், கைபேசி எண்ணும் இருக்கும். எனவே ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்தது இந்தக் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. சொல்லப்போனால், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23-24 சொல்வது உங்களுக்கு இல்லை, அவருக்கு. அந்தப் பணத்தை வாங்கிய கமிட்டியும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யூதாஸுக்குப் பணம் கொடுத்த அதே பிரதான ஆசாரியர்கள்கூட, அது திரும்பி வந்தபோது, இரத்தக்கிரயம் என்று காணிக்கைப்பெட்டியில் போட மறுத்தார்கள். தாங்கள் செய்ததை விட்டுவிட்டுப் பெட்டியின் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டது வேடிக்கைதான், ஆனாலும் அந்த அளவு கூச்சமாவது இருந்தது.

யூதாஸும் பணத்தைத் திருப்பினான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 'குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று வெளிப்படையாகச் சொன்னான், காசைத் தேவாலயத்தில் எறிந்தான். அவனுக்குக் கிடைத்த பதில், 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவனிடம் ஆசாரியர்கள் சொன்ன வார்த்தை இது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு யூதாஸைவிட அவர்கள்மேல்தான் கோபம் வரும். அவன் போயிருக்க வேண்டியது இயேசுவிடம். அதே இரவில் இயேசுவை மறுதலித்த பேதுரு பிறகு கரைக்கு நீந்திப் போய்ச் சேர்ந்ததும் அவரிடம்தான். யூதாஸுக்கு மன்னிப்பு இருந்திருக்குமா என்று கேட்பீர்கள். மனந்திரும்பி வந்தால் மன்னிக்கப்படாத துரோகம் இல்லை என்பதே சபையின் பொதுவான போதனை. அவனுடைய கடைசி நிலையைப் பற்றி மட்டும் போதகர்களிடையே ஒரே கருத்து இல்லை. அவன் முடிவைக்கூட மத்தேயுவும் அப்போஸ்தலர் நடபடிகளும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஒன்றில் நிலத்தை வாங்கியவர்கள் ஆசாரியர்கள், மற்றதில் அவனே.

'எல்லாம் கர்த்தருடைய சித்தம், விட்டுவிடு' என்று உங்கள் சித்தி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மாற்கு 14:21 இதற்கு நேர் பதில். மனுஷகுமாரன் எழுதியிருக்கிறபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. தேவ சித்தம் நிறைவேறியது என்பதற்காகச் செய்தவன் கணக்குத் தள்ளுபடி ஆவதில்லை.

சரி, அவர் மனம் வருந்தாமலே நீங்கள் மன்னிக்க வேண்டுமா? இங்கே எனக்கே முழுத் தீர்மானம் இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது. லூக்கா 17:3, அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக என்கிறது. மாற்கு 11:25, ஜெபிக்க நிற்கும்போதே மன்னித்துவிடச் சொல்கிறது, எதிராளி வருந்தினானா என்று கேட்கவில்லை. நான் வகுப்பில் சொல்லிவந்தது இது: பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதும் அவருடைய நன்மைக்காக ஜெபிப்பதும் இன்றைக்கே உங்களால் தொடங்கக்கூடியவை. பழையபடி அண்ணன் தங்கையாகக் கைகோர்ப்பதற்கு அவரும் வர வேண்டும். அவர் பங்கையும் சேர்த்து நீங்களே செய்ய முடியாது. நாளைக்கே மனம் ஆறிவிட வேண்டும் என்று யாராவது கெடு வைத்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏழெழுபது தரம் என்ற வசனம் வருவது மத்தேயு 18:22-இல். அதற்குச் சற்று மேலே, 15-ஆம் வசனத்தில், தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து என்றிருக்கிறது. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போக வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். அவர் கமிட்டி உறுப்பினர் என்பதால் இந்தப் படி அவருக்குப் பொருந்தாமல் போகாது. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஆயரிடம் பத்திர நகலோடு போய் உட்காருங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு 1 கொரிந்தியர் 6 காட்டப்படும். விசுவாசிகள் அவிசுவாசிகளுக்கு முன்பாக வழக்காடுவதைப் பவுல் கடிந்துகொள்கிறார், 'ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை' என்றும் கேட்கிறார். அதை மழுப்ப நான் விரும்பவில்லை, அது கடினமான வசனம்தான், மனப்பூர்வமாக நஷ்டத்தைத் தாங்கியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த வசனமே, 'நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள். சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே' என்று மறுதரப்பின் பக்கம் திரும்புகிறது. ஏழாம் வசனத்தைத் தங்கைக்கு வாசித்துவிட்டு, எட்டாம் வசனத்தை யாருக்கும் வாசிக்காமல் விடுவது வேதத்தை மதிப்பதாகாது. பவுல் அங்கே சபைக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்கிறார். அந்த விவேகி இல்லாத சபை, வழக்குப் போடுகிறவளைக் குற்றம் சொல்ல முடியுமா என்பது என் சந்தேகம். தன் வழக்கில் நியாயம் கிடைக்காது என்று கண்டபோது பவுலே இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டார். அது ரோம அதிகாரத்தின் முன் நடந்த வழக்கு, சகோதரர்களுக்குள் வந்த சொத்துத் தகராறு அல்ல, அந்த வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். என் கருத்தில், முதலில் தனியாக, பிறகு சபை வழியாகக் கேட்டுவிட்டு, வெறுப்பில்லாமல் நீதிமன்றம் போவது பாவம் அல்ல. ஒரு நடைமுறைச் செய்தி: ஏமாற்றிப் பெற்ற பத்திரத்தை ரத்துசெய்யக் கோரும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் மூன்று வருடக் கெடு உண்டு, விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது ஓடும். எனவே வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலை இப்போதே பாருங்கள். சமரசப் பேச்சு இன்னொரு பக்கம் நடக்கட்டும்.

உங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லூக்கா 12-இல் கூட்டத்திலிருந்து ஒருவன், 'ஆஸ்தியைப் பாகம்பிரித்து என்னோடே பங்கிட்டுக்கொள்ளும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்' என்று கேட்கிறான். அவன் சொன்னது பொய் என்று எங்கும் இல்லை, ஒருவேளை அவன் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். இயேசு பாகம்பிரித்துக் கொடுக்க மறுத்துவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார், அதுவும் அவனிடம் மட்டும் இல்லை, அங்கிருந்தவர்களை நோக்கி. உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த நிலம் உங்களைத் தின்றுவிட முடியும். பங்குக்கு மேல் ஒரு சென்ட்டும் வேண்டாம், அண்ணன் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தும் எண்ணம் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் இதை நீட்ட வேண்டியதில்லை.

திருவிருந்தில் அவர் பக்கத்தில் முழங்கால்படியிட்டு நிற்க முடியவில்லை, நான் வராமல் இருந்துவிடட்டுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னோடே பந்தியிலே இருக்கிறது என்று லூக்காவில் இயேசு சொல்கிறார். யோவானில் யூதாஸ் அப்பத் துணிக்கையை வாங்கிக்கொண்டு உடனே வெளியே போய்விடுகிறான். அவன் திருவிருந்தின் அப்பத்திலும் திராட்சரசத்திலும் பங்கு பெற்றானா என்பதில் பழங்காலத்திலிருந்தே இரண்டு கருத்து. எப்படிப் பார்த்தாலும் அவனுக்காக மற்றப் பதினொருவர் பந்தியை விட்டு எழுந்துபோகவில்லை. நீங்களும் வாருங்கள். பத்து மணி ஆராதனையில் அவரைப் பார்ப்பது பாரமாக இருந்தால், அதிகாலை ஆராதனைக்கு மாறிக்கொள்வதில் தவறே இல்லை, ஆயரிடம் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.